மதாம் வீட்டு மஞ்சள் பூக்கொடி

களை பிடுங்கத் தெரிந்தால் போதும், தோட்டக்காரி ஆகிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் நீங்கள் எல்லோரும் இந்த வேலைக்கு வருகிறீர்கள். கையில் களைக்கொத்து, தலையில் தொப்பி, இடுப்பில் செல்போன். வாருங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? என்னிடம் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். புதுச்சேரி டவுனில் வீட்டுத் தோட்டம் பார்த்தே என் முதுகு வளைந்தது. பள்ளிக்கூடம் இரண்டாவதோடு சரி, எழுத்து ஒவ்வொன்றாகத்தான் வரும். வரட்டும். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

எந்தச் செடியும் என் உயிரை வாங்கியதில்லை. வாங்கியதெல்லாம் அந்தச் செடியை வைத்திருந்தவர்கள்தான். அதற்கு மதாம் வீட்டுக் கதை ஒன்றே போதும்.

மதாம் என்றதும் வெள்ளைக்காரி என்று நினைக்காதீர்கள். என்னைப் போலக் கறுப்புதான். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர், அதனால் தெருவே இவரை மதாம் என்று கூப்பிட்டது. வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, நம்மாட்கள் இருக்கும் பக்கம். புருஷன் காலமாகிவிட்டார். ஒரே மகன் பாரிஸ் பக்கத்தில் குடும்பத்தோடு இருந்தார். வீட்டுக்குப் பின்னால் கிணறு வரைக்கும் தோட்டம். விடிந்ததும் மதாம் ஒரு பிரம்பு நாற்காலியைத் தோட்டத்தில் இழுத்துப் போட்டு, காப்பியோடு உட்கார்ந்தால் வெயில் ஏறும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். வீட்டுக்குள் பேசுவதற்கு ஆள் யார்? தோட்டத்தில் நான் இருந்தேன். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் சரோஜா இருந்தாள். அவள் புருஷன் மில் மூடியபிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். வைத்திக்குப்பத்திலிருந்து மீன்காரம்மா கூடையோடு பின்பக்கச் சந்து வழியாக வருவாள். மீன் வாங்குகிறாரோ இல்லையோ, மூன்று பேரோடும் ஒரு பாட்டம் பேசினால்தான் மதாமுக்குச் சோறு இறங்கும்.

அந்தத் தோட்டத்துக்குள் அந்தக் கொடியைக் கொண்டுவந்தது வேறு யாருமில்லை, மதாமேதான். ஏதோ ஓட்டலில் கல்யாண வரவேற்புக்குப் போனவர், அங்கே தரையெல்லாம் பச்சைப் பாய் விரித்த மாதிரி மஞ்சள் பூவோடு படர்ந்திருந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு துண்டைக் கிள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"கேட்டிருந்தா அவங்களே ஒரு தொட்டியில குடுத்திருப்பாங்களே மதாம்?" என்றேன்.

"கேட்டு வாங்கினா வேர் புடிக்குமா அஞ்சலை? ஒண்ணும் தெரியாதவ மாதிரி பேசுற."

நம் ஊரில் இது ஒரு வழக்கம், உங்களுக்கும் தெரியும். அடுத்தவர் வீட்டுச் செடியைக் கேட்டு வாங்கி வைத்தால் பட்டுப்போகும், திருடி வைத்தால்தான் பிழைக்கும் என்பார்கள். வெங்காயத்தைக்கூட எண்ணி வைக்கிற பெண்பிள்ளை, செடி விஷயத்தில் மட்டும் கூச்சமே இல்லாமல் திருடுவாள். மதாம் ஓட்டலில் திருடினார். சரோஜா மதாமிடம் திருடினாள். எதிர்வீட்டு டீச்சர் சரோஜாவிடம் திருடினார். அந்தக் கொடிக்கோ கணுவுக்குக் கணு வேர், எந்தக் கணு மண்ணைத் தொட்டாலும் பிடித்துக்கொள்ளும். மதாம் வீட்டில் இரண்டு மழைக்குள் பாத்தியைத் தாண்டி, குரோட்டன்ஸ் மேல் ஏறி, கனகாம்பரத்தை அமுக்கி, கிணற்றடி வரைக்கும் போய்விட்டது. எடுத்துவிடலாம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். "பூக்குது பாரு, பாவம்" என்பதுதான் பதில்.

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் அந்தக் கொடியே மதாமின் காலை வாரிவிட்டது. கிணற்றடிக்குப் போகும்போது கால் கட்டைவிரல் கொடியில் மாட்டிக் குப்புற விழுந்தார். கணுக்காலில் கட்டுப் போட்டார்கள். சேதி பாரிஸ் வரைக்கும் போனது. மறுநாளே மகன் போன் செய்தார். அந்தப் போனை மதாம் வைத்த விதம் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

"வக்கான்ஸுக்கு வர்றானாம் அஞ்சலை. வந்ததும் தோட்டம் முழுக்க சிமெண்ட் போட்டுடுவானாம்."

வக்கான்ஸ் என்றால் லீவு. ஆனி மாதக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"முழுக்கவா?"

"கெணறு வரைக்கும். நான் சிமெண்ட்ல உக்காந்து என்ன பண்ணப்போறேன்? நான் என்ன வத்தலா?"

சிரித்தேன். மதாம் சிரிக்கவில்லை. அந்தத் தோட்டம் போனால் காலையில் கதவைத் திறந்து வெளியே வர அவருக்கு ஒரு காரணமும் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மகனுக்குத்தான் தெரியாது.

"கொடி போயிடுச்சுன்னா சிமெண்ட் எதுக்கு? தம்பி வர்றதுக்குள்ள ஒரு கணு இல்லாம எடுத்துடுறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

எப்படிப் பிடுங்குவது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. குனிந்தால் தானாகத் தெரிந்துவிடும். என்னைப் படுத்தியது வேறு.

முதல் நாள் பிடுங்கிய கொடியைக் குவியலாகக் கட்டிக் குப்பை வண்டிக்காக வாசலில் வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், குவியல் பாதியாகிவிட்டது. மீன்காரம்மா காலிக் கூடையில் ஒரு கட்டு வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏய், இன்னா அது? கீழ போடு!"

"குப்பத்துல வூட்டாண்ட மணலா இக்குதுக்கா. படரட்டுமே."

"அது சனியன். வச்சியானா உன் வூட்டு மேலயே ஏறிடும்."

"குப்பைதான? குப்பையில எடுத்தா யாரு கேக்கப்போறா?" என்றவள் கொஞ்சம் யோசித்து, "ஏங்க்கா, குப்பையில எடுத்தா திருட்டுல சேருமா சேராதா? புடிக்குமா?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள்? எனக்கும் தெரியவில்லை. கூடையைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். அன்றிலிருந்து பிடுங்கியதையெல்லாம் மொட்டை மாடிக்குச் சுமந்துபோய், சுடுகிற தரையில் பரப்பிச் சருகாக்கி எரித்தேன். கொடி முழங்கால் உயரம். மாடிப்படியோ என் உயரத்துக்கு இரண்டு பங்கு.

அடுத்தது சரோஜா. மதில் சுவரை ஒட்டி அவள் பக்கம் இருந்த கொடி போகாவிட்டால், நான் செய்வதெல்லாம் வீண். சுவருக்கு அடியிலேயே புகுந்து வந்துவிடும். போய்ச் சொன்னேன்.

"அக்கா, அது கரிசலாங்கண்ணி. நான் தலைக்கு எண்ணெய் காய்ச்சுறேன்."

"அது கரிசலாங்கண்ணி இல்லடி."

"இலை அதே மாதிரிதான இருக்கு?"

"என் தங்கச்சிகூடத்தான் என்னை மாதிரி இருக்கா. அதுக்காக அவ புருஷனுக்கு நானா சோறு போடுறேன்?"

"உங்க முடியப் பாருங்க, என் முடியப் பாருங்க" என்று பின்னலை எடுத்து முன்னால் போட்டாள். இதற்கு மேல் என்ன பேசுவது? கோபம் தலைக்கேறியது. ஆனால் வாயை மூடிக்கொண்டேன். தோட்ட வேலையில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். மறுநாள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, மதாமிடம் பேசுகிற மாதிரி, "கொடிக்குள்ள நீளமா ஒண்ணு போச்சு மதாம், சரோஜா பக்கமாத்தான் போச்சு" என்றேன். சாயங்காலத்துக்குள் சரோஜா தன் பக்கத்தை மண் தெரியச் சுத்தம் செய்துவிட்டாள். பாம்பு இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். அடுத்த வீட்டுக்காரியோடு இலையைப் பற்றி வாதாடாதீர்கள். அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. குளியலறைக்குப் பின்னால் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் அந்தக் கொடி, அழகாகத் தண்ணீர் ஊற்றி, பூவோடு! வைத்தது யார்? காலில் கட்டோடு நொண்டி நொண்டிப் போய் மதாமே வைத்திருக்கிறார்.

"மதாம், உங்க காலை ஒடச்சதே இதுதான்!"

"நான் பாக்காம நடந்தேன். அது என்ன பண்ணும்? ஒரே ஒரு டப்பா அஞ்சலை."

"நீங்க ஓட்டல்லேர்ந்து எடுத்தாந்ததும் ஒரே ஒரு துண்டுதான்."

டப்பாவை மாடிக்குக் கொண்டுபோனேன். அன்று முழுக்க மதாம் என்னோடு பேசவில்லை. யாருடைய தோட்டத்தைக் காப்பாற்றுவதற்காக நான் முதுகு ஒடிந்துகொண்டிருந்தேன், சொல்லுங்கள்!

கடைசியில் எடுத்தே விட்டேன். குரோட்டன்ஸ், செம்பருத்தி, கனகாம்பரம், இட்லிப்பூ எல்லாவற்றின் வேரிலும் கொடியின் வேர் பின்னிக் கிடந்தது. பாதிச் செடி ஏற்கெனவே மூச்சு முட்டிச் செத்திருந்தது. மீதியைப் பிரித்தெடுக்க நாள் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துத் தோண்டி மாடிக்கு ஏற்றினேன். தென்னையும் கறிவேப்பிலையும் மட்டும் நின்றன. மண்ணைக் கொத்தி, சலித்து, சமன் செய்து, தண்ணீர் தெளித்து வைத்தேன். நெற்றி மாதிரி இருந்தது தரை. ஒரு கணு கிடையாது. அப்படிச் சுத்தமான வேலையை இந்த டவுனில் எவளும் செய்திருக்க மாட்டாள், இன்றைக்கும் சொல்வேன்.

மகன் வந்தார். பெட்டியை வைத்ததும் வைக்காததுமாகத் தோட்டத்துக்கு வந்து பார்த்தார்.

"பிராவோ, அஞ்சலைம்மா! எடம் அடையாளமே தெரியல."

எனக்குத் தலை நிமிர்ந்தது.

"இப்ப சிமெண்ட் போட ரொம்ப சுலபம்" என்றார்.

அன்றைக்கே மேஸ்திரியும் வந்தார். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்து, குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். "ஏம்மா, இந்த எடத்தைச் சமன் பண்றதுக்கே ஆள் கூட்டியாரணும்னு இருந்தேன். நீயே போட்டு வச்சுட்ட! சார், ஆடி பொறந்துட்டா நான் புது வேலை தொட மாட்டேன். நாளைக்குக் காலையில மூட்டை எறக்கி ஆரம்பிச்சுடலாம்."

"தம்பி, அதான் கொடி போயிடுச்சே. சிமெண்ட் எதுக்கு?" என்றேன்.

"இங்க இப்ப என்ன இருக்கு அஞ்சலைம்மா? வெறும் மண்ணு. மழை வந்தா சேறு. சேத்துல அம்மா வழுக்கினா?"

உண்மையிலேயே அங்கே ஒன்றும் இல்லை. அவர் அம்மாவின் தோட்டம் என்று காட்டுவதற்கு ஒரு பூக்கூட இல்லை. மதாம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு யாரையும் கூப்பிடாமல், பிரம்பு நாற்காலியைத் தானே இழுத்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். கதவும் சாத்திக்கொண்டது.

இதைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். களையை எடுத்த இடத்தில் அன்றைக்கே ஒன்றை வையுங்கள், ஒரு கீரையையாவது தூவுங்கள். வெறும் தரையைப் பார்த்தால் வீட்டுக்கார ஆம்பிளைக்குச் சிமெண்ட் ஞாபகம்தான் வரும். நான் எடுத்தது சரிதான், இன்றைக்கு வந்தாலும் அப்படித்தான் எடுப்பேன். ஆனால் சரியான வேலையைச் செய்துவிட்டுத் தோட்டத்தைப் பறிகொடுத்து நிற்பது இருக்கிறதே, அந்த எரிச்சல் யாருக்கும் வேண்டாம்.

அன்று மத்தியானம் மகன் உறவுக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போனவர் இருட்டிய பிறகுதான் திரும்பினார். தெரு உண்ட மயக்கத்தில் இருந்தது. சந்தில் நின்று யோசித்தேன். நர்சரிக்குப் போய்ச் செடி வாங்கிவந்தால் நாளைக்குள் தோட்டம் ஆகுமா? பையோடு வந்த செடி பையோடு வந்த மாதிரிதான் நிற்கும். அப்போது சரோஜா வீட்டு வாசலில் ஒரு தொட்டி கண்ணில் பட்டது. அடுக்குச் செம்பருத்தி. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா?

"சரோஜா, வெளிய வா. எங்க மதாம் வீட்ல திருடினதெல்லாம் எடு."

"யாருக்கா திருடுனது? நானா?"

"செம்பருத்தி, ரெண்டு குரோட்டன்ஸ், அந்த வெள்ளை இட்லிப்பூ. நாளைக்குக் காலைல மதாம் தோட்டத்துல சிமெண்ட் போடப்போறாங்க. நாக்காலியை உள்ள கொண்டுபோய் வச்சுட்டாங்க தெரியுமா?"

சரோஜாவின் முகம் மாறியது. "உள்ளயா? காலைல நான் யார்கூட பேசுவேன்?" என்றாள். செம்பருத்தித் தொட்டியைத் தூக்கப் போனவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். "ஐயோ, குடுக்கக் கூடாதுக்கா. குடுத்தா பட்டுடும்."

"அதுக்கு?"

"நீங்களே திருடிக்கோங்க. நான் பாக்கல." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். நான் தொட்டியைத் தூக்கும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டே, "அடியில ஓட்டை, பாத்துப் புடிங்க" என்று வேறு சொன்னாள்.

எதிர்வீட்டு டீச்சரும் அப்படித்தான். படித்தவர். "இதெல்லாம் மூடநம்பிக்கை அஞ்சலை" என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டே, "கண்ணாடி இல்லன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அவர் துடைத்து முடிப்பதற்குள் நான் நாலு கனகாம்பரத்தை வேரோடு எடுத்திருந்தேன். மீன்காரம்மா காலிக் கூடையோடு, வானத்தைப் பார்த்துக்கொண்டே என் கூட நடந்தாள். அந்தக் கூடையில் செடிகளை நான் அடுக்கினேன், அவள் தலையில் சுமந்தாள். "மீன் நாத்தம் அடிச்சா புழு வராதுக்கா" என்றாள். தெரு முழுக்கப் பெண்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், நான் பட்டப்பகலில் வீடு வீடாகத் திருடிக்கொண்டு போனேன். மதாம் தோட்டத்திலிருந்து எத்தனை வருஷத்துத் திருட்டு அது! எல்லாமே நன்றாகக் கிளைத்துப் பூத்து நின்றது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் நட்டு முடித்தேன். சிலதைத் தொட்டியோடு அப்படியே இறக்கி வைத்தேன்.

காலையில் மூட்டைகள் வந்தன. மேஸ்திரி தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது? நேத்து இல்லையே!" என்று கத்தினார். மகனும் ஓடிவந்தார். ஒவ்வொரு செடியாகப் பார்த்தார். கோபமா ஆச்சரியமா என்று எனக்குப் பிடிபடவில்லை. செடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் கெட்டுவிடும் என்று மட்டும் தெரிந்தது.

"தம்பி, அம்மா எந்த எடத்துல விழுந்தாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"தெரியாது."

கூட்டிப்போய்க் காட்டினேன். கொல்லைக் கதவுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு தடம், மதாம் தினமும் நடக்கிற தடம். அவர் கதவிலிருந்து கிணறு வரைக்கும் ஒரு தடவை நடந்து பார்த்தார்.

"அங்கேர்ந்து போன் பண்ணா, அம்மா எடுக்கற வரைக்கும் எனக்கு உசுரு இல்ல அஞ்சலைம்மா. மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். எங்க விழுந்து கெடக்கறாங்களோன்னு இருக்கும்."

பாருங்கள். இவ்வளவு நாளாக நானும் அவரும் செடியைப் பற்றியும் சிமெண்டைப் பற்றியுமே பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைக்குப் பயம். அவ்வளவுதான் விஷயம்.

"அப்ப இந்தத் தடத்துக்குச் சிமெண்ட் போடுங்க. சொரசொரப்பா, வழுக்காத மாதிரி. ஓரத்துல புடிச்சுக்க ஒரு கம்பி. மீதிய விட்டுடுங்க. அம்மா வெளிய உக்காந்திருந்தா சரோஜா பாத்துப்பா, டீச்சர் பாத்துப்பாங்க, நான் பாத்துப்பேன். உள்ள கதவச் சாத்திக்கிட்டு விழுந்தா யாரு பாக்கறது?"

அவர் கிணற்றையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். மேஸ்திரிக்குத்தான் பொறுக்கவில்லை. "சார், தடமோ தளமோ, இன்னிக்குக் கை வச்சாகணும். நாளைக்கு ஆடி."

"தடம் மட்டும் போடுங்க" என்றார் மகன்.

தடம் காய்ந்ததும் மதாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிணறு வரைக்கும் போய்த் திரும்பினார். போகும்போதே சுவருக்கு மேல் சரோஜாவின் தலை தெரிந்தது, பேச்சு ஆரம்பித்துவிட்டது. மகன் உள்ளே போய்ப் பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து செம்பருத்திக்குப் பக்கத்தில் போட்டார். போட்டவர் குனிந்து தொட்டியையே பார்த்தார்.

"அஞ்சலைம்மா, இது என்ன பூ? நல்லா இருக்கே!"

எட்டிப் பார்த்தேன். சரோஜாவின் தொட்டியில், செம்பருத்தி அடியில், விரல் நீளத்துக்கு அந்தக் கொடி. உச்சியில் ஒரே ஒரு மஞ்சள் பூ. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டவள் இதைச் சொன்னாளா, பாருங்கள்!

"தரையெல்லாம் படருமா? அழகா இருக்குமே. தடத்தோட ரெண்டு பக்கமும் இதையே விடலாமா?" என்றார் மகன்.

மதாம் வாய் திறக்கப் போனார். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டார்.

"இந்த மண்ணுக்கு இது வராதுங்க தம்பி" என்றேன். வேரோடு பிடுங்கி, கணு ஒன்றும் விடாமல் பார்த்து, இடுப்பில் செருகிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன்.